டவுட், சஸ்பெக்ட், கொஸ்டின்: மூன்றுக்கும் ஒரே சந்தேகமா?

முதல் பதிவு

டவுட் என்ற ஆங்கிலச் சொல்லால் உங்களுக்கு எப்போதாவது சங்கடம் வந்திருக்கிறதா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

வெளிநாட்டுக் குழு ஒன்றோடு வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கிருந்த பொறியாளர் அம்மா ஒருவர் கணக்குத் தாள் ஒன்றை அனுப்பியிருந்தார். ஏழாவது வரிசையில் இருந்த அளவுகள் மீட்டரிலா அடியிலா என்று அதில் குறிப்பு இல்லை. கேட்டுக்கொள்ளலாம் என்று, 'உங்கள் கணக்கில் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது, பேசலாமா?' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டேன். பள்ளியில் கை தூக்கிய காலத்திலிருந்து வாயில் ஊறிப்போன வாக்கியம் அது.

மறுநாள் காலையில் பதில் வந்தது. 'முழுவதையும் மறுபடி சரிபார்த்தேன், தவறு எதுவும் கிடைக்கவில்லை' என்பதுதான் முதல் வரி. கூடவே நான்கு பக்கத்துக்கு ஒவ்வொரு படியாகப் போட்டுக் காட்டிய கணக்கு. அவருடைய மேலாளருக்கும் ஒரு நகல். ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து செய்திருக்கிறார். நான் கேட்க வந்தது மீட்டரா அடியா என்பது மட்டும்தான். படித்ததும் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

'ஒரு சந்தேகம்' என்று நாம் ஆரம்பித்தால் தெரியாததைக் கேட்கப் போகிறோம் என்று அர்த்தம். அவர்கள் காதில் டவுட் அப்படி விழுவதில்லை. 'உன் கணக்கு சரியாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை' என்று விழுகிறது. நான் எழுதியிருக்க வேண்டிய சொல் கொஸ்டின். டவுட் என்ற சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்த்தால் அதுவும் இதையேதான் சொல்கிறது. லத்தீனில் துபிதாரே என்பது மூலம். இரண்டு என்ற எண்ணோடு உறவுள்ள சொல். இப்படியா அப்படியா என்று மனம் இரண்டு பக்கமும் இழுபடுவது. (எழுதும்போது நடுவில் வந்து, பேசும்போது ஒலிக்காத அந்த 'பி' எழுத்தும் லத்தீனை நினைவில் வைத்து அறிஞர்கள் பிற்பாடு நுழைத்ததுதான். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது இல்லை.)

பதில் 1

எனக்கு நடந்தது சஸ்பெக்ட் என்ற சொல்லால். அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. எக்ஸ்ரே அறிக்கையில், எலும்பில் மெல்லிய விரிசல் என்று எழுதி, முன்னால் 'சஸ்பெக்டட்' என்று போட்டிருந்தார்கள். வீட்டில் படித்தவர், 'விரிசல் இருக்கிறதே சந்தேகம்தான்னு போட்டிருக்காங்க, பயப்படாதீங்க' என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு நாள் அம்மா அந்தக் கையாலேயே வேலை செய்தார். வலி குறையாமல் மருத்துவரிடம் திரும்பப் போனபோதுதான் புரிந்தது, 'விரிசல் இருக்கும் என்று தோன்றுகிறது, கவனியுங்கள்' என்றுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்று. அன்றே கட்டுப் போட்டார்கள்.

அதற்கப்புறம் இதை விடாமல் யோசித்தேன். டவுட் என்றால் 'இருக்காது' என்ற பக்கம் சாய்கிறது. சஸ்பெக்ட் என்றால் 'இருக்கும்' என்ற பக்கம் சாய்கிறது. ஒன்றுக்கொன்று நேர் எதிர். நமக்கோ இரண்டும் சந்தேகம். ஆனால் நம்மிடம் வேறுபாடு இல்லாமல் இல்லை. 'அவர் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டார். 'அவர் வருவாரோ என்று சந்தேகம்' என்றால் வந்துவிடுவார் போலிருக்கிறது. ஆங்கிலம் வினையில் வைத்ததை நாம் அதற்கு முன்னால் வரும் 'வது', 'ஓ என்று' இவற்றில் வைத்திருக்கிறோம். மொழிபெயர்க்கும்போது அந்தச் சின்னத் துண்டை விட்டுவிட்டு 'சந்தேகம்' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் எங்கள் வீட்டில் நடந்தது நடக்கும்.

பதில் 2

ஸ்காட்லாந்துக்காரர்களோடு பழகினால் இன்னொரு சிக்கல் உண்டு. மழை வரும் என்பது 'ஐ டவுட்' என்று என்னுடன் வேலை செய்பவர் சொன்னார். சரி, வராது என்று குடையை விட்டுவிட்டுப் போய் நன்றாக நனைந்தேன். அவர்கள் வழக்கில் டவுட் என்றால் 'நடந்துவிடும் என்று அஞ்சுகிறேன்'. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இந்தப் பொருள் பரவலாகவே இருந்தது. அவருடைய நாடகத்தில் ஹாம்லெட்டும் ஏதோ சதி நடந்திருக்கிறது என்று தோன்றும் இடத்தில் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறான். பொது ஆங்கிலத்தில் அந்தப் பொருள் மறைந்துபோனது, அங்கே தங்கிவிட்டது.

பதில் 3

முதல் பதிவு எழுதிய தம்பிக்கு. நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல். இதில் நீங்கள் கேட்டது அறியா வினா. மீட்டரா என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும், கேட்டீர்கள். இருட்டில் கிடப்பது கயிறோ பாம்போ என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. டவுட் இந்த இரண்டாவதோடுதான் சேரும். வகுப்பில் பிள்ளைகள் 'டீச்சர், டவுட்' என்று எழுந்திருப்பார்களே, பத்தில் ஒன்பது அறியா வினாதான். இரண்டையும் தனித்தனியே வைத்த இலக்கணம் நம்மிடம் இருக்கிறது. பேச்சில்தான் எல்லாவற்றையும் சந்தேகம் என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டோம். என் பிள்ளைகளிடம் இப்போது 'ஒரு கேள்வி' என்று சொல்லிக் கேட்கப் பழக்குகிறேன். கேள்வி என்றால் எதிர்த்துக் கேட்பது போல இருக்கிறது என்று அவர்கள் தயங்குகிறார்கள். மரியாதைக்காகத்தான் சந்தேகம் என்கிறார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதில் 4

நாம் மட்டும் இல்லை அக்கா. ஸ்பானிய மொழிக்காரர்களும் கேள்வி கேட்க 'எனக்கொரு தூதா' என்பார்கள், அதே லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஆங்கிலம் பேசும்போது அவர்களும் டவுட் என்று சொல்லி நம்மைப் போலவே மாட்டிக்கொள்கிறார்கள். என்னோடு படித்த ஒருவர் அப்படித்தான் ஆசிரியரைத் திகைக்க வைத்தார். ஆமாம், கடைசியில் அது மீட்டரா அடியா?

முதல் பதிவு எழுதியவர்

மீட்டர்தான். மேலாளருக்கும் நகல் வைத்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். டவுட் என்ற சொல்லை எங்கள் ஊரில் எந்தப் பொருளில் சொல்கிறோம் என்பதையும், அவருடைய கணக்கில் ஒரு தவறும் இல்லை என்பதையும் அதில் விளக்கினேன். அடுத்து வந்த தாளில் ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பில் அலகு போட்டிருந்தார்.