கலைச்சொல்: தரவுத்தள ‘இண்டெக்ஸ்’ – அடைவா, சுட்டா, பேரேடா?
(பேசுபவர்கள் அவரவர் ஊர்ப்பெயரில்)

காரைக்குடி:
பாலிடெக்னிக் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘இண்டெக்ஸ்’, அதாவது அட்டவணையில் வேண்டிய வரிசையை விரைந்து தேட உதவும் துணைப் பட்டியல், அதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் பாக்கி. ‘அட்டவணை’ டேபிளுக்குப் போய்விட்டது. ‘குறியீடு’ என்றால் கோடிங் என்று எடுத்துக்கொள்வார்கள். பாடத்தின் எடுத்துக்காட்டு புள்ளிவரி (நகரத்தாரிடம் குடும்பவாரியாகக் கோயிலுக்கு வாங்கும் வரி) ரசீது: கோயில், ஊர், பெயர், தேதி, தொகை என்று ஐந்து பத்தி (நெடுவரிசை), பத்து லட்சம் வரிசை.

தேவகோட்டை:
நம் கடைக் கணக்கிலேயே சொல் இருக்கிறது: பேரேடு. சிட்டையில் வரவு வந்த நாள்படி விழும். அதையே பேரேட்டில் பெயர்வாரியாகப் பிரித்துச் சிட்டைப் பக்கத்தைக் குறிப்பார்கள். இண்டெக்ஸின் வேலையும் இதுதான். பெயர் + ஏடு = பேரேடு.

புதுவயல்:
அண்ணே, பேரூர், பேராசிரியர் போல அது பெருமை + ஏடு. பெயரிலிருந்து வந்ததில்லை. மேலும் பேரேட்டில் தொகை ஏறும். இண்டெக்ஸில் சாவியும் (தேடும் மதிப்பு) வரிசையின் முகவரியும்தான். ‘சுட்டு’ என்போம். தொல்காப்பியர் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்றாரே.

தேவகோட்டை:
பெயர் ‘பேர்’ ஆவது மரூஉ. வழக்கில் இல்லாததா? ‘சுட்டி’ என்று ஏற்கெனவே மவுஸைச் சொல்கிறோம்; ‘சுட்டு’ அதோடு குழம்பும்.

கானாடுகாத்தான்:
சொல் எதுவானாலும் குறிப்பில் இவை வரட்டும். நகரத்தார் பிரிவுகளுக்குரிய நகரக் கோயில் ஒன்பதே. கோயில் பத்திக்கு மட்டும் இண்டெக்ஸ் கட்டினால் ஒரு தேடலுக்கே அட்டவணையில் சராசரியாக ஒன்பதில் ஒரு பங்கு வந்து நிற்கும். பெரும்பாலும் தரவுத்தள எஞ்சின் அதை ஒதுக்கிவிட்டு முழு அட்டவணையையும் படிக்கும். (கோயில், ஊர்) என்று கூட்டாகக் கட்டினால் ஊரை மட்டும் கேட்கும் தேடலுக்கு அது பொதுவாக அவ்வளவாக உதவாது. ஊர் முன்னால் வரவேண்டும். பத்திக்கொன்று கட்டினாலோ ஒவ்வொரு ரசீதுக்கும் ஐந்து இண்டெக்ஸிலும் எழுத வேண்டிவரும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. ‘கோட்டையூர்’ என்பதில் ‘ோ’ ஒரே குறியாகவும் பதியலாம், ‘ே’, ‘ா’ என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் பைட்டாக ஒப்பிடும்போது வேறு வேறு, தேடினால் கிடைக்காது. பதியும் முன்பே ஒரு வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அகர வரிசையும் அப்படியே. யூனிகோட் எண்படி அடுக்கினால் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்து வந்துவிடும், ‘க்’ ‘கௌ’வுக்கும் பின்னே போகும். பத்திக்குத் தமிழ் வரிசைமுறையை முதலிலேயே வையுங்கள். பிறகு மாற்றினால் இண்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும்.

பள்ளத்தூர்:
சொல்லடைவு எல்லாருக்கும் பழகியது. ‘அடைவு’ போதும்.

புதுவயல்:
இலங்கையில் அடைவு என்றால் அடகு. நம்மவர்கள் அங்கே வட்டிக்கடை நடத்தியவர்கள்!

காரைக்குடி:
அப்படியானால் ‘தேடடைவு’. மூன்று பேர் சரி என்கிறார்கள். அதையே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘இண்டெக்ஸ்’.

தேவகோட்டை:
எனக்கு உடன்பாடில்லை. தொகைப் பத்தியையும் தன்னுள்ளே வைத்துக்கொண்டு, மூல அட்டவணைக்குப் போகாமலே விடை தரும் இண்டெக்ஸ் ஒன்று உண்டு. அதற்காவது ‘பேரேடு’ என்று வையுங்கள்.