நொய்யல் கரைக்குப் பசுமை வழித்தட அந்தஸ்து: எந்தக் கதவைத் தட்டுவது?

வணக்கம். கோவை பேரூர்ப் பக்கம் நொய்யல் கரையில் சுமார் 2 கி.மீ. நீளத்தை அரசு முறைப்படி பசுமை வழித்தடமாக அறிவிக்க வேண்டும் என்று 16 மாதமாக அலைகிறோம். மனு நகர்கிறது, வேலை நகரவில்லை.

இடம் ஆற்றுப் புறம்போக்கு. புல எண்கள், அளவு வரைபடம் எல்லாம் கையில் உண்டு. சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு நீர்மருதும் புங்கனும் வைத்தோம். பாதிக்கு மேல் பிழைத்து ஆளுயரம் வந்துவிட்டன. போன மாதம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால், கன்றுகளின் மேலேயே டிராக்டர் தடம். பக்கத்தில் ஒரு லோடு கட்டட இடிபாடு, உடைந்த டைல்ஸோடு. கேட்டால் "புறம்போக்குதானே" என்கிறார்கள்.

குறைதீர்க்கும் நாளில் மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, அப்படி ஒரு வகைப்பாடே இல்லை என்று ஒற்றை வரி பதில். ஒரு அலுவலகம் அடுத்ததைக் கைகாட்டுகிறது, அது திரும்ப இதையே.

2022-இல் மதுரை அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 37-வது பிரிவில் வந்த அறிவிப்பு அது. அதே வழியில் நாங்களும் கேட்பது ஒரு வழி. ஆனால் அங்கே குடைவரைக் கோயிலும் வல்லூறும் இருக்கின்றன, எங்களிடம் மீன்கொத்தியும் மயிலும்தான். இன்னொரு வழி, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) இந்த இடத்தின் நிலப் பயன்பாட்டைத் திறந்தவெளி என்று மாற்றக் கேட்பது.

ஆற்றங்கரைக்கு இப்படி அரசாணை வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: இந்த இரண்டில் எதை முதலில் பிடிப்பது?