உதவி தேவை: இன்டரப்டைத் திறந்ததும் கெர்னல் ரீபூட் ஆகிறது, மொழியை மாற்றிவிடவா?

ரங்கூன் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். பொழுதுபோக்காக ஒரு சின்ன கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதிக்கொண்டிருக்கிறேன். 32 பிட் எக்ஸ்86, சி மொழி, கிரப் என்ற பூட்லோடர் வழியாக பூட், கியூஎமு என்ற மெய்நிகர் மெஷினில் ஓட்டம். திரையில் எழுத்து வருகிறது. கீபோர்டுக்காக ஐடிடியில் (எந்த இன்டரப்டுக்கு, அதாவது சிபியுவை இடைமறிக்கும் அழைப்புக்கு, எந்த ஃபங்ஷன் என்ற பட்டியல்) 33ஆம் இடத்தில் ஹேண்ட்லரை (அதைக் கவனிக்கும் ஃபங்ஷன்) வைத்துவிட்டு, இன்டரப்டைத் திறக்கும் எஸ்டிஐ கட்டளையைக் கொடுத்தால் போச்சு, ரீபூட். மறுபடி ரீபூட். நான் ஒரு விசையைக்கூடத் தொடவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன், "சி-யில் எழுதினால் இப்படித்தான், ரஸ்டு மொழிக்கு வா" என்கிறான். என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் பழைய லேப்டாப். கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, நெட்டும் அப்படித்தான். ரஸ்டு கருவிகளை இறக்கப் பார்த்து இரண்டு தடவை பாதியில் நின்றுவிட்டது. மூன்று மாத வேலையைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

மோல்மேன்காரர்:
தம்பி, மொழிப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். விசையைத் தொடாமலே விழுகிறது என்றீர்களே, அதைப் பிடிப்போம். கியூஎமுவில் நோ-ரீபூட் தெரிவைப் போட்டு, இன்டரப்ட் லாக்கையும் திறந்துவிட்டு ஓட்டுங்கள். எஸ்டிஐக்குப் பிறகு என்னென்ன வெக்டர் எண் (ஐடிடியில் இட எண்) வருகிறது? பிஐசியை (டைமர், கீபோர்டு இன்டரப்டுகளை சிபியுவுக்கு அனுப்பும் சிப்) ரீமேப் செய்தீர்களா?

ரங்கூன் பையன்:
08, 0டி, மறுபடி 08, அதோடு ட்ரிபிள் ஃபால்ட். ரீமேப் என்றால் என்னண்ணா? பாடத்தில் 33 என்று இருந்தது, அப்படியே போட்டேன்.

மோல்மேன்காரர்:
அப்படிச் சொல்லுங்கள்! முதல் 08 டபுள் ஃபால்ட் (ஒரு பிழையைக் கவனிக்கப் போகும்போதே வரும் இன்னொரு பிழை) இல்லை, டைமர். வெக்டர் 0 முதல் 31 வரை இன்டெல் சிபியுவின் சொந்தப் பிழைகளுக்கென்று ஒதுக்கியது. ஐபிஎம் பிசி காலத்து பயாஸ் (மெஷினைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அதைப் பார்க்காமல் டைமரை 8லும் கீபோர்டை 9லும் உட்காரவைத்துவிட்டது. அந்தப் பழைய வழக்கத்தோடுதான் இன்றும் மெஷின் உங்கள் கைக்கு வருகிறது. டைமர் வினாடிக்குப் பதினெட்டு தடவை தட்டும். நீங்கள் எஸ்டிஐ கொடுத்ததும் அது 8ஆம் கதவைத் தட்டுகிறது, அங்கே ஆள் இல்லை. அதனால் 0டி (பதினாறடிமான எண்ணில் 13), அதாவது விதி மீறல் பிழையான ஜெனரல் ப்ரொடெக்‌ஷன். அங்கேயும் ஆள் இல்லை. அடுத்து வந்த 08தான் நிஜமான டபுள் ஃபால்ட். அதுவும் காலி என்றால் ட்ரிபிள் ஃபால்ட், சிபியு ரீசெட் ஆகிவிடும்.

பிஐசியின் எண்கள் 32இல் இருந்து தொடங்கும்படி மாற்றிவையுங்கள், அதுதான் ரீமேப். அப்போதுதான் கீபோர்டு உங்கள் 33க்கு வரும். ஆனால் டைமர் இப்போது 32இல் வரும், அங்கேயும் உங்களுக்கு ஹேண்ட்லர் இல்லை. பிஐசி இரண்டு சிப், மாஸ்டர், ஸ்லேவ். அதனால் மாஸ்டருக்கு மாஸ்க் (1 என்றால் அடைப்பு, 0 என்றால் திறப்பு) 11111101, கீபோர்டு மட்டும் திறந்திருக்கட்டும். ஸ்லேவில் எல்லாம் 1. ஹேண்ட்லரில் ஸ்கேன் கோடை (கீபோர்டு அனுப்பும் விசை எண்) படித்துவிட்டு, முடிவில் பிஐசிக்கு ஈஓஐ (வேலை முடிந்தது என்ற செய்தி) அனுப்ப மறக்காதீர்கள். மறந்தால் முதல் விசையோடு நின்றுபோகும், அப்புறம் அதற்கு ஒரு இழை போடுவீர்கள்.

இதையே ரஸ்டில் எழுதியிருந்தாலும் இதே ரீபூட்தான். வன்பொருள் போர்ட்டில் எழுதும் வேலை அங்கே அன்சேஃப் பிளாக்குக்குள் (கம்பைலர் பாதுகாப்பைச் சரிபார்க்காத பகுதி) போய்விடும். பிஐசி எந்த எண்ணைத் தட்டும் என்பது கம்பைலருக்கு எப்படித் தெரியும்?

பெகுக்காரன்:
அண்ணன் சொன்னது இந்தப் பிழைக்குச் சரி. ஆனால் ரஸ்டை அப்படி ஓரங்கட்ட வேண்டாம். லினக்ஸிலேயே 2022 டிசம்பரில் வந்த 6.1இல் அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். தம்பி நாளைக்கு மெமரி அலொகேட்டர் (நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி) எழுதும்போது, ஃப்ரீ செய்த இடத்தை மறுபடி தொட்டுவிட்டு இரவெல்லாம் தேடுவார், அங்கே ரஸ்டு கை கொடுக்கும். சி++ என்றால் ஹைக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, கூகிளின் ஃபுக்‌ஷியாவின் ஸிர்கான் கெர்னல் இருக்கிறது. சி++இன் எக்ஸெப்ஷன் வசதியை அணைத்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். கோ மொழியில்கூட எம்ஐடியில் பிஸ்கிட் என்று ஒரு கெர்னல் செய்து பார்த்தார்கள், கார்பேஜ் கலெக்டரோடு (பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் வசதி).

மோல்மேன்காரர்:
அலொகேட்டர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியில் நிற்கும் டவுன்லோடை வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வார்? சி கம்பைலர் ஜிசிசி கையில் இருக்கிறது, எம்ஐடி பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 கெர்னலின் சோர்ஸும் சி-தான், சின்னது, ஒருமுறை இறக்கினால் கரன்ட் போனாலும் பேட்டரியில் படிக்கலாம். எந்த மொழியானாலும் ஸ்டாக்கை வைக்கும் நாலு வரி அசெம்பிளியில்தான் எழுத வேண்டும். கீபோர்டு ஓடட்டும் முதலில்.

ரங்கூன் பையன்:
ஓடிவிட்டது அண்ணா! கரன்ட் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால். சி-யிலேயே தொடர்கிறேன், அலொகேட்டர் வந்ததும் பெகு அண்ணனைத் தொந்தரவு செய்வேன். ஒரே ஒரு சந்தேகம்: ஏ விசையை அழுத்தினால் 30 வருகிறது, சரி. விரலை எடுத்ததும் 158 என்று இன்னொன்று வருகிறதே?

மோல்மேன்காரர்:
அது விசையை விட்டதற்கான கோடு. 30உடன் 128ஐக் கூட்டிப் பாருங்கள்.