கச்சா எண்ணெயை அப்படியே எரித்து மின்சாரம் எடுக்கலாமா?

சுடர்விழி (கேள்வி):
கச்சா எண்ணெயும் எரிகிற பொருள்தானே? சுத்திகரிப்பு ஆலையில் அதைச் சூடாக்கிப் பிரிக்கவே ஒரு பங்கு எரிபொருள் செலவாகிறது. அந்தச் செலவைத் தவிர்த்து, நேராக பாய்லரிலோ கேஸ் டர்பைனிலோ எரித்தால் என்ன? சவுதி அரேபியாவில் அப்படிச் செய்கிறார்கள் என்று படித்தேன். ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? நடைமுறையில் எங்கே இடிக்கிறது?

அனல்காற்று:
எரிக்கலாம், எரிக்கவும் செய்கிறார்கள். கோடையில் ஏசி சுமை ஏறும்போது சவுதியில் கச்சா எண்ணெயிலேயே மின்நிலையங்கள் ஓடியிருக்கின்றன.

கணக்கு இது. ஒரு பீப்பாய் 159 லிட்டர், எடை சுமார் 136 கிலோ. அதன் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 1,700 யூனிட்டுக்குச் சமம். 35 சதவீதத் திறனுள்ள நிலையத்தில் கையில் வருவது ஏறக்குறைய 600 யூனிட்.

ஆனால் கிணற்றிலிருந்து வந்ததை வந்தபடி எரிக்க முடியாது. அதோடு உப்புநீர், மணல், கரைந்த வாயு எல்லாம் வரும். எண்ணெய் வயலிலேயே பிரிகலனில் இவற்றை இறக்கிய பிறகுதான் அது எரிபொருள்.

பாய்லரில் முதல் தலைவலி, ஆவி தீப்பற்றும் வெப்பநிலை. ஃபர்னஸ் ஆயிலுக்கு (சுத்திகரிப்பில் கடைசியில் மிஞ்சும் கனமான எண்ணெய்) அது 60 டிகிரிக்கு மேல். கச்சா எண்ணெயில் லேசான பகுதிகள் அப்படியே இருப்பதால் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவி பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது. பம்ப் அடியில் இருக்கும் குழியிலும் கேபிள் போகும் கால்வாயிலும் தேங்கி நிற்கும். அதனால் கேஸ் டிடெக்டரைக் கூரையில் மாட்டிப் பயனில்லை, தரையை ஒட்டி வைக்க வேண்டும். மோட்டாரும் ஸ்விட்சும் தீப்பொறி வெளியே வராத வகையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சூடாக்கும் அளவு. கனமான ஃபர்னஸ் ஆயிலை 100 டிகிரிக்கு மேல் ஏற்றினால்தான் பர்னரில் நன்றாகத் தூவும். அதே ஹீட்டர் செட்டிங்கில் கச்சா எண்ணெயை விட்டால் குழாய்க்குள்ளேயே லேசான பகுதி ஆவியாகும், பம்ப் வெற்றாக ஓடும், சுடர் துடித்து அணையும். அணைந்ததும் அவசரப்பட்டு மறுபடி பற்றவைக்கக் கூடாது. உள்ளே தேங்கிய ஆவியைக் காற்று ஊதி வெளியேற்றிய பிறகுதான். பாய்லர் வெடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சுழல்தண்டு:
மேலே சொன்னது பாய்லருக்கு. டர்பைனில் விஷயம் வேறு. அங்கே எதிரி, பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் மட்டுமே இருக்கும் இரண்டு உலோகங்கள்: சோடியமும் வனேடியமும்.

வனேடியம் எரிந்தால் வனேடியம் பென்டாக்சைடு ஆகும். அது சுமார் 690 டிகிரியில் உருகிவிடும். சோடியம் சேர்ந்தால் உருகுநிலை 600க்கும் கீழே இறங்கும். டர்பைன் பிளேடு அதைவிடச் சூடாக இருப்பதால் இந்தச் சாம்பல் தூளாக விழாமல் பாகு போல ஒட்டிக்கொள்ளும். பிளேடின் மேலுள்ள பாதுகாப்பு ஆக்சைடு படலத்தை அந்தப் பாகு கரைத்துவிட்டால் அரிப்புக்கு அப்புறம் தடையே இல்லை.

சுடர்விழி:
அப்படியானால் தண்ணீர் விட்டுக் கழுவி இரண்டையும் எடுத்துவிட முடியாதா?

சுழல்தண்டு:
சோடியத்தை எடுக்கலாம். அது எண்ணெய்க்குள் மிதக்கும் உப்புநீர்த் துளிகளில்தான் இருக்கிறது. சூடாக்கி, நல்ல தண்ணீர் கலந்து, எண்ணெய்-நீர்க் குழம்பை உடைக்கும் மருந்து விட்டு, சென்ட்ரிஃபியூஜிலோ மின்புலத் தொட்டியிலோ பிரித்தால் 1 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவரலாம். கலக்கும் வால்வை அதிகமாக நெருக்கினால் துளிகள் மிக நுண்ணியதாகி மோர் போல நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் தெளியாது.

வனேடியம் அப்படியல்ல. எண்ணெயின் கனமான மூலக்கூறுகளுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது, தண்ணீருக்கு வராது. எடுக்க முடியாததால் அதைக் கெட்டிப்படுத்துகிறார்கள். எடைக்கணக்கில் 1 பங்கு வனேடியத்துக்கு 3 பங்கு மெக்னீசியம் சேர்த்தால், உண்டாகும் சாம்பல் 1,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். உதாரணமாக 10 பிபிஎம் வனேடியம் உள்ள எண்ணெயை மணிக்கு 20 டன் எரித்தால் உள்ளே போகும் வனேடியம் 200 கிராம், தர வேண்டிய மெக்னீசியம் 600 கிராம். மெக்னீசியம் மருந்தை விடும் பம்ப் நின்றால் எரிபொருளும் நிற்கும்படி இன்டர்லாக் இருப்பது கட்டாயம்.

இதற்கும் விலை உண்டு. சாம்பல் படியப் படிய டர்பைனின் திறன் குறையும். நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீரில் கழுவ வேண்டும். எரிப்பு வெப்பநிலை 1,100 டிகிரியை ஒட்டிப் போனால் நீரில் கரையும் மெக்னீசியம் சல்பேட்டுக்குப் பதில் கரையாத ஆக்சைடு படியும், கழுவினாலும் போகாது. ஆகவே வெப்பநிலையைக் குறைத்தே ஓட்ட வேண்டும். புதிய தலைமுறை டர்பைனின் உயர் திறன் இதிலேயே போய்விடுகிறது. நீங்கள் சுத்திகரிப்பில் மிச்சம் பிடிக்க நினைத்ததில் ஒரு பகுதி இங்கே கரைகிறது.

அனல்காற்று:
பாய்லருக்கு ஒன்று விட்டுப்போனது: கந்தகம். புகையில் கந்தக ட்ரையாக்சைடும் நீராவியும் சேர்ந்து 120 முதல் 150 டிகிரிக்குள் குளிர்ந்து கந்தக அமிலத் துளியாகும். வெப்பத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று புகையை அதற்குக் கீழே ஆறவிட்டால் ஏர் ஹீட்டர் (பாய்லருக்குள் போகும் காற்றைப் புகையால் சூடாக்கும் கருவி) தகடு ஓட்டையாகும். தேவைக்கு மேல் காற்று விடுவதைக் குறைத்தால் ட்ரையாக்சைடும் குறையும்.

அடிவண்டல்:
சேமிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெவ்வேறு வயல் எண்ணெய்களை ஒரே தொட்டியில் கொட்டும் முன் சோதிக்க வேண்டும். மெழுகுத்தன்மை கூடிய லேசான எண்ணெயோடு அஸ்பால்டீன் (தார் போன்ற கனமான பகுதி) மிகுந்த கனமான எண்ணெய் சேர்ந்தால், அஸ்பால்டீன் கருஞ்சேறாகப் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். சோதனை எளிது. கலவையைச் சூடாக்கி நன்றாகக் கலக்கி, ஒரு சொட்டை ஃபில்டர் தாளில் விட்டு, சூட்டிலேயே காயவிடுங்கள். கறை ஒரே பழுப்பாகப் பரவினால் கலக்கலாம். நடுவில் தனியாகக் கருவளையம் தெரிந்தால் அந்த இரண்டையும் வேறு வேறு தொட்டியில்தான் வைக்க வேண்டும்.