ஃபிரிட்ஸ் போலார்டை முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்று சொல்லலாமா?

கோட்டைமுனை:
அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் போலார்டு என்கிறார்கள். 1921-இல் ஏக்ரன் ப்ரோஸ் அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்தார் என்பது கணக்கு. ஆனால் அந்த ஆண்டு எல்ஜி டோபின் என்ற வெள்ளையரும் அங்கே பயிற்சியாளராக இருந்தார். 1920-இல் ஏக்ரன் லீக் பட்டம் வென்றபோதும் பொறுப்பு டோபினிடம்தான். போலார்டு பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'தலைமை' என்ற சொல் 1989-இல் ரெய்டர்ஸ் அணியின் பொறுப்பை ஏற்ற ஆர்ட் ஷெல்லுக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

பனைநிழல்:
இன்றைக்குக் கோட்டுக்கு வெளியே நின்று உத்தரவு போடுகிறவரை வைத்து அன்றைய ஆளை அளக்காதீர்கள். அப்போது வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்துவதே விதிமீறல், பெனால்டி விழும். பெஞ்சிலிருந்து பயிற்சி தருவதை என்எஃப்எல் 1944-இல்தான் அனுமதித்தது. அதுவரை களத்துக்குள் இருப்பவன்தான் அணியை நடத்தியாக வேண்டும். அந்தக் காலப் பிரபல ஆட்டக்காரர்கள் ஹாலஸ், லாம்போ, ஜிம் தோர்ப் எல்லோரும் இப்படி ஆடிக்கொண்டே பயிற்சி தந்தவர்கள்தான். அவர்களை யாரும் 'பாதிப் பயிற்சியாளர்' என்பதில்லையே.

கோட்டைமுனை:
சரி, ஆனால் டோபினும் களத்துக்குள் ஆடியவர்தானே? உங்கள் விதி அவருக்கும் பொருந்தும்.

பனைநிழல்:
பொருந்தும். ஆனால் யாருடைய ஆட்டமுறையை ஆடினார்கள்? போலார்டு பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1916-இல் ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்தில் ஆடிய முதல் கறுப்பினத்தவர். அங்கே கற்ற உத்திகளை ஏக்ரனுக்குக் கொண்டுவந்ததாகவும், அணி முதலாளி தன் பக்கம் நின்றதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கோட்டைமுனை:
அவரே சொன்னது, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. தன்னைப் பற்றித் தானே சொன்னதைச் சாட்சியாக எடுத்தால் விவாதம் எங்கே போய் நிற்கும்?

வேம்படி:
குறுக்கே வருகிறேன். வேறு சாட்சி ஏன் குறைவு என்று பாருங்கள். சொந்த ஊர் ரசிகர்களே அவரை ஏசினார்கள். சக ஆட்டக்காரர்களோடு உடை மாற்றாமல், முதலாளியின் சுருட்டுக் கடையில் மாற்றிக்கொண்டு களத்துக்கு வந்தார். கீழே விழுந்ததும் சட்டென்று மல்லாந்து, ஆணி வைத்த காலணியை மேலே நீட்டுவாராம், எதிரணியினர் மேலே வந்து குவியாமல் இருக்க. வெறும் ஐந்தடி ஒன்பது அங்குல உயரக்காரர். 1920-இல் ஏக்ரன் எட்டு வெற்றி, மூன்று டிரா, தோல்வியே இல்லை. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது மொத்தம் 7 புள்ளி. அப்புறம் 1934 முதல் 1945 வரை அந்த லீகில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. அந்தக் காலத்தில் சில ஆண்டுகள் போலார்டு நியூயார்க்கின் ஹார்லெமில் பிரவுன் பாம்பர்ஸ் என்ற கறுப்பினத்தவர் அணியை நடத்தினார். சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2005-இல். அவர் இறந்தது 1986-இல். இவ்வளவு காலம் கண்டுகொள்ளாமல் விட்டவரைப் பற்றி முழுப் பதிவு எப்படிக் கிடைக்கும்?

கோட்டைமுனை:
அந்தக் கொடுமையை நான் மறுக்கவில்லை, படிக்கும்போதே மனசு கனக்கிறது. ஆனால் அநீதி நடந்தது என்பதாலேயே பதவி நிரூபணமாகிவிடாது. 'இணைப் பயிற்சியாளர்' என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பனைநிழல்:
அப்படியென்றால் 1921-க்கு டோபின் பெயருக்கு முன்னாலும் அதே 'இணை' வர வேண்டும். எல்லாப் பட்டியலிலும்.

கோட்டைமுனை:
நியாயம். 1921-க்கு இருவருக்கும் 'இணை'. 1920 மட்டும் டோபினுடையது, அதை விட்டுத்தர மாட்டேன்.