சின்ன டம்ளர்

குழு: காவிரிக்கரை குடும்பம்

வியாழன்

காலை 10:42
ப்ரியா: கவிதா அக்கா, இருக்கிறீர்களா? அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். கீரைக்காரம்மாதான் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். இப்போது வீட்டில் படுத்திருக்கிறார்.

கவிதா: பேச்சு தெளிவாக இருக்கிறதா? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போவது ஏதாவது உண்டா?

ப்ரியா: அதெல்லாம் இல்லை. படபடப்பு மட்டும் இருக்கிறது என்கிறார். வயிறும் எரிகிறதாம்.

கவிதா: காலையில் என்ன சாப்பிட்டார்?

ப்ரியா: ஒன்றும் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து டிபனே கிடையாது. பால், சர்க்கரை இல்லாமல் கெட்டி டிகாக்ஷனில் எலுமிச்சம்பழம் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கிறார். பத்து நாளில் தொப்பை கரையும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்களாம். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

கவிதா: இப்போதே இரண்டு இட்லி கொடு, கூட ஒரு டம்ளர் மோர். அப்புறம் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் பிரஷரும் சுகரும் பார்த்துவிடு. நாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

மாயவரம் சித்தி: ஐயையோ, அண்ணிக்கு என்ன ஆயிற்று? நான் கிளம்பி வரட்டுமா?

ப்ரியா: வேண்டாம் அத்தை, எழுந்து உட்கார்ந்துவிட்டார். இட்லி சாப்பிடுகிறார்.

சுவாமிமலை பெரியப்பா: நாற்றங்காலில் நிற்கிறேன். இப்போதுதான் பார்த்தேன். டாக்டரிடம் போனீர்களா இல்லையா?

மதியம் 1:15
ப்ரியா: போய்விட்டு வந்தோம். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சுகர் சரியாகத்தான் இருக்கிறது. பட்டினி கிடந்து வெயிலில் அலைந்ததுதான் காரணம், வேளா வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

மன்னார்குடி அத்தை: எல்லோரையும் பயமுறுத்திவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. முட்டி வலிக்குப் போனபோது எட்டு கிலோ குறைக்கச் சொன்னார்கள். சுகரும் பார்டரில் இருக்கிறது என்றார்கள். காபியை விட என்னால் முடியாது. காபி குடித்தே எடை குறையும் என்று ஒருத்தர் சொன்னதும் நம்பிவிட்டேன்.

சுவாமிமலை பெரியப்பா: அம்மாடி, காபியில் எலுமிச்சம்பழம் பிழிவதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். நம் வீட்டில் முதல் டிகாக்ஷனும் தண்ணீர் படாத பாலும்தான். பால்மானி வைத்து டிகிரி பார்த்து வாங்கிய பால், அதனால்தான் டிகிரி காபி என்று பெயர் வந்தது என்பார் அப்பா. அந்தக் காபியைக் குடித்து இந்த வீட்டில் யாருக்கும் தலை சுற்றியதில்லை.

கார்த்தி: வெறும் கருப்புக் காபி நல்லதுதான் அத்தை, ஜிம்மில் நாங்கள் எல்லோரும் குடிக்கிறோம். நெய் காபி குடித்துப் பாருங்கள். பசியே எடுக்காது.

கவிதா: கார்த்தி, கொஞ்சம் பொறு. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் கிட்டத்தட்ட 120 கலோரி இருக்கிறது. எடை குறைக்க வேண்டியவருக்கு எதற்கு அது? நீ ஒரு மணி நேரம் இரும்பு தூக்குகிறாய். அத்தைக்கு மாடிப்படி ஏறவே முட்டி வலிக்கிறது.

கார்த்தி: சரி அக்கா. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

கவிதா: அத்தை, டிகாக்ஷன் கொழுப்பைக் கரைக்காது. கஃபீன் உடம்பு செலவழிக்கும் சக்தியைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். தினமும் குடித்தால் உடம்பு அதற்கும் பழகிவிடும். எலுமிச்சை சேர்த்ததால் எந்த மாயமும் நடக்காது. வெறும் வயிற்றில் இரண்டு புளிப்பும் சேர்ந்து வயிறுதான் எரியும். சரி, பழைய கணக்கைப் பார்ப்போம். போன வாரம் வரை ஒரு நாளைக்கு எத்தனை காபி?

மன்னார்குடி அத்தை: நாலு. காலையில் எழுந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, ராத்திரி சீரியல் பார்க்கும்போது ஒன்று.

கவிதா: என்ன பால்? எத்தனை ஸ்பூன் சர்க்கரை?

மன்னார்குடி அத்தை: ஆரஞ்சு பாக்கெட். அதில்தான் கெட்டியாக வரும். சர்க்கரை இரண்டு ஸ்பூன்.

ப்ரியா: குவித்து இரண்டு ஸ்பூன் என்று சொல்லுங்கள் அம்மா.

கவிதா: ப்ரியா, அத்தையின் டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து சொல்ல முடியுமா?

மதியம் 1:40
ப்ரியா: வீட்டில் அளவுக் கப் இல்லை. பாப்பாவின் பால் புட்டியில் கோடு போட்டிருக்கிறது இல்லையா, டம்ளரில் தண்ணீர் பிடித்து அதில் ஊற்றினேன். 150 என்ற கோட்டைத் தொட்டு நிற்கிறது. விளிம்பு வரை ஊற்றவில்லை, அம்மா வழக்கமாக ஊற்றும் அளவுதான்.

கவிதா: நல்ல வேலை செய்தாய். அதில் டிகாக்ஷன் 30 போனால் பால் 120 மில்லி. ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், அந்தப் பாலில் மட்டும் 100 கலோரிக்கு மேல் வந்துவிடும். குவித்த இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 12 கிராம், அது 48 கலோரி. ஆக ஒரு டம்ளருக்குச் சுமார் 150. நாலு டம்ளருக்கு 600.

மாயவரம் சித்தி: 600 என்றால் எவ்வளவு? எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்.

கவிதா: சிறிய இட்லி ஒன்று 50 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள் சித்தி. பன்னிரண்டு இட்லி.

மாயவரம் சித்தி: அடக் கடவுளே.

மன்னார்குடி அத்தை: பன்னிரண்டு இட்லியா? நான் காபியைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. தண்ணீர் மாதிரி உள்ளே போகிறது.

கவிதா: நம் ஊரில் யாரும் சேர்ப்பதில்லை அத்தை. ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டுக்கு வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் இட்லி, சோறு, ரசம் என்று எல்லாம் சொல்வார்கள். காபியைத் தனியாகக் கேட்டால்தான் வாயிலிருந்து வரும். இன்னொன்றையும் பாருங்கள். அந்த டிகாக்ஷனை மட்டும் தனியாகக் குடித்தால் ஐந்து கலோரிகூடத் தேறாது. ஏறுவதெல்லாம் பாலும் சர்க்கரையும்தான். சர்க்கரை மட்டுமே நாலு வேளைக்கு 48 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாயசம், பிஸ்கட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த 25.

சுவாமிமலை பெரியப்பா: வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல். நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டுக்கொள்ளட்டும்.

கவிதா: ருசிக்குப் போடலாம் பெரியப்பா. கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை, ரத்தத்தில் சுகரையும் அது ஏற்றத்தான் செய்யும். நாட்டுச் சர்க்கரை நல்லது என்று நினைத்து இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

சுவாமிமலை பெரியப்பா: அப்படியா. இது எனக்குத் தெரியாது.

கவிதா: அத்தை, திங்கட்கிழமையிலிருந்து எடை பார்த்தீர்களா?

மன்னார்குடி அத்தை: இறங்கவில்லை. கோபப்படாதே. காலையில் டிபனை விட்டுவிடுகிறேனா, பதினோரு மணிக்குக் கை நடுங்குகிற மாதிரி பசிக்கிறது. அப்போது இரண்டு காபியும் நாலு முறுக்கும் உள்ளே போய்விடுகிறது.

கவிதா: கோபம் எதற்கு அத்தை. பசித்த வயிறு அப்படித்தான் கேட்கும். காலை இட்லியை விடவே கூடாது. வேறு மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா?

மன்னார்குடி அத்தை: தைராய்டு மாத்திரை மட்டும்தான். ஆறு வருஷமாகப் போடுகிறேன்.

கவிதா: எப்போது போடுவீர்கள்?

மன்னார்குடி அத்தை: காலை ஐந்தரைக்கு. வெறும் வயிற்றில்தான். மாத்திரையை வாயில் போட்டு காபியை ஒரு மடக்கு குடித்தால் இறங்கிவிடும்.

கவிதா: காபியிலேயா?

மன்னார்குடி அத்தை: ஆமாம். தப்பா?

மதியம் 2:05
கவிதா: அத்தை, இதை நிதானமாகப் படியுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு மணி நேரம், குறைந்தது அரை மணி நேரம், காபியும் கூடாது, சாப்பாடும் கூடாது. காபியோடு போட்டால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. மருந்து குறைவாகச் சேர்ந்தால் உடம்பு அசதியாக இருக்கும், எடையும் எளிதில் இறங்காது. உங்களுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நாளைக்குக் காலையிலிருந்தே தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

மன்னார்குடி அத்தை: வெறும் வயிற்றில் போடுங்கள் என்றுதான் அன்றைக்குச் சொன்னார்கள். காபியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கவிதா: காபியைச் சாப்பாடு என்று நீங்களும் நினைக்கவில்லை, உங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. அதனால்தான் விட்டுப்போயிருக்கிறது. காபியை விட்டுத் தண்ணீருக்கு மாறியதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வார். மருந்து முழுதாகச் சேர ஆரம்பித்தால் அளவை மாற்ற வேண்டி வரலாம். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ப்ரியா: அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். பாப்பா பிறந்ததிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரை, உடனே காபி.

கவிதா: நீயுமா? காபியும் டீயும் இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் காபி, டீ வேண்டாம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. உன் காபியை மூன்றரைக்குத் தள்ளிவிடு.

மாயவரம் சித்தி: எங்கள் வீட்டில் மாமியாரும் தைராய்டு மாத்திரையைக் காபியோடுதான் போடுகிறார். இப்போதே போய்ச் சொல்கிறேன்.

இரவு 8:20
மன்னார்குடி அத்தை: கவிதா, எல்லாம் சரி. எனக்குக் காபி உண்டா இல்லையா? அதை மட்டும் சொல்லிவிடு.

கவிதா: உண்டு அத்தை. யார் பிடுங்கப்போகிறார்கள்! ஒரு நாளைக்கு இரண்டு, தவிர்க்க முடியாவிட்டால் மூன்று. பால் நீலப் பாக்கெட், அதில் கொழுப்பு 3 சதவீதம்தான். பாதிக்கு மேல் கொஞ்சம் பால், மீதி டிகாக்ஷன். சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், நாக்கு முரண்டு பிடிக்கும். இந்த வாரம் தலைதட்டி ஒரு ஸ்பூன், அடுத்த வாரம் அரை. சீரியல் காபியை மட்டும் நிறுத்தத்தான் வேண்டும். ஏழரை மணிக்குக் குடித்த கஃபீனில் பாதி பன்னிரண்டரைக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். எல்லாவற்றுக்கும் மேலே, டம்ளரைச் சிறிதாக்குங்கள்.

மன்னார்குடி அத்தை: பால் குறைந்தால் தண்ணீர் மாதிரி இருக்குமே.

சுவாமிமலை பெரியப்பா: இருக்காது. அதற்கு வழி நான் சொல்கிறேன். பொடியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, கொதிக்கிற தண்ணீரைச் சுற்றி வர மெதுவாக ஊற்று. ஃபில்டரைத் தட்டாதே, அதுபாட்டுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கட்டும். முதல் டிகாக்ஷனை மட்டும் எடு. பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி இரண்டு ஆற்று ஆற்றினால் நுரை தானாக எழும்பும். டபராவும் டம்ளரும் சூடாக இருக்க வேண்டும். அரை டம்ளர் குடித்தாலும் கள்ளிச் சொட்டாக இருக்கும்.

கவிதா: பெரியப்பா சொன்ன மாதிரியே போடுங்கள் அத்தை. சாயங்காலம் ஹரித்ரா நதித் தெப்பக்குளத்துக் கரையில் பக்கத்து வீட்டு அக்காவோடு மெதுவாக நடங்கள். முட்டி வலித்தால் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுங்கள், முழுச் சுற்றும் முடிக்க வேண்டும் என்று இல்லை.

வெள்ளி

காலை 9:10
[படம்: ஒரு பித்தளை டம்ளர், விளிம்பில் சின்ன நசுங்கல்]

மன்னார்குடி அத்தை: பரணில் இருந்தது. அண்ணா, ஞாபகம் இருக்கிறதா?

சுவாமிமலை பெரியப்பா: அம்மாவின் டம்ளர். கிணற்றடியில் நான்தான் கீழே போட்டு நசுக்கினேன்.

ப்ரியா: புளி போட்டுத் தேய்த்து, புட்டியில் அளந்தும் விட்டேன். 90 மில்லிதான் பிடிக்கிறது.

கவிதா: இந்த அளவு போதும் அத்தை. நீலப் பாலும் அரை ஸ்பூன் சர்க்கரையும் என்று வந்துவிட்டால் ஒரு டம்ளர் 40 கலோரியைச் சுற்றித்தான் வரும். மாத்திரை எப்போது போட்டீர்கள்?

மன்னார்குடி அத்தை: ஐந்தரைக்கு, வெறும் தண்ணீரில். ஒரு மணி நேரம் எப்படித் தள்ளுவது என்று மலைப்பாக இருந்தது. எப்போதும் காபி குடித்துவிட்டுத்தான் வாசலுக்குப் போவேன். இன்றைக்கு முதலில் வாசல் தெளித்து, பதினைந்து புள்ளிக் கோலமாகப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மணி ஆறரை. அப்புறம்தான் காபி. எட்டு மணிக்கு மூன்று இட்லி.

சுவாமிமலை பெரியப்பா: காபி எப்படி இருந்தது?

மன்னார்குடி அத்தை: பால் போதவில்லை என்று முதல் மடக்கில் தோன்றியது. இரண்டாவது மடக்கில் அம்மா போட்ட காபி மாதிரி இருந்தது. ப்ரியா, டாக்டரிடம் எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டு வை.

ப்ரியா: கேட்டுவிட்டேன் அம்மா. திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.