பரண் மேல் ஏறினால் ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டுகிறது, எதை வாங்கலாம்?

புதுநாண்:
வணக்கம். கொஞ்சம் அவசரம், சனிக்கிழமை வில் சீசன் (வில்லால் வேட்டையாடும் பருவம்) திறக்கிறது. மரப் பரணில் உட்கார்ந்து மான் வேட்டைக்கு நல்ல ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) ஒன்று சொல்லுங்கள். இப்போது கையில் இருப்பது சரியில்லை. தரையில் நின்று எய்தால் அம்பு நடுவில் விழுகிறது, மேலே ஏறிவிட்டால் தாழ்ந்து போகிறது. ஆயிரம் கெஜம் வரை அளக்கும் ஒன்று பார்த்தேன். அது போதுமா, இல்லை இன்னும் கூட வேண்டுமா?

சருகுமான்:
என்ன வில்? கப்பி வைத்த காம்பவுண்டா, கப்பி இல்லாத ரிக்கர்வா? பரண் எத்தனை அடி? எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாழ்கிறது? இப்போது இருக்கும் கருவி எது?

ஆயிரம் கெஜத்தை மறந்துவிடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அந்த எண், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பலகை மாதிரி இலக்குக்கு. மான் தோலுக்கு அவ்வளவு கிடைக்காது. நீங்கள் எய்யப்போவதே நாற்பது கெஜத்துக்குள். அதனால் மறுமுனையைப் பாருங்கள்: எவ்வளவு கிட்டத்தில் இருந்து அளக்கத் தொடங்கும் என்பதை. பரணுக்கு அடியிலேயே மான் வந்து நிற்கும்போது வெறும் கோடு காட்டும் கருவிகள் உண்டு.

பெரியவில்:
சீசனுக்கு நாலு நாள் இருக்கும்போது இந்தக் கேள்வி வருடா வருடம் வந்துவிடும். தம்பி, கருவியை மாற்றினால் அம்பு திருந்தாது. மேலே ஏறியதும் நீங்கள் இடுப்பை வளைக்காமல் வில் பிடித்த கையை மட்டும் கீழே இறக்குகிறீர்கள். அப்படிச் செய்தால் இழுக்கும் நீளம் மாறும், பீப்புக்குள் (நாணில் இருக்கும் பார்வைத் துளைக்குள்) கண் வேறு இடத்தில் உட்காரும். நேராக நீட்டி முழுசாக இழுங்கள், அப்புறம் இடுப்பில் இருந்து குனியுங்கள். இதை நான் எழுதி எழுதி விரல் தேய்ந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

கோணக்கணக்கு:
இதற்கு ஒரே பதில், கோணத் திருத்தம் உள்ள மாடல். மேலிருந்து சாய்வாக அளக்கும்போது கருவி காட்டுவது சாய்கோட்டின் நீளம். அம்பை ஈர்ப்பு விசை இழுப்பதோ கிடைமட்டத் தூரத்துக்குத்தான். கோணத் திருத்தம் இல்லாத கருவியோடு பரண் ஏறுவது வீண்.

பெரியவில்:
விளம்பரத்தை அப்படியே ஒப்பிக்கிறீர்கள். 20 அடிப் பரணில் இருந்து, கிடைமட்டமாக 20 கெஜத்தில் நிற்கும் மானுக்குச் சாய்கோடு 21 கெஜம். 30 கெஜத்தில் வித்தியாசம் ஒரு கெஜம்கூட இல்லை. 10 கெஜத்தில் மட்டும் 12 காட்டும், அந்தத் தூரத்தில் இரண்டு கெஜம் தவறினால் மானுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதற்காகவா கூடுதல் பணம்?

கோணக்கணக்கு:
தரை சமமாக இருந்தால் சரி. பரண் மலைச்சரிவில் இருந்து, மான் கீழே ஓடைப் பள்ளத்தில் நின்றால்? முப்பது டிகிரி இறக்கத்தில் சாய்கோடு 40 என்றால் கிடைமட்டம் 35-ஐத் தொடாது. அந்த ஐந்து கெஜம் விளம்பரம் இல்லை.

பெரியவில்:
அவர் மலை என்று எங்கே சொன்னார்?

கோணக்கணக்கு:
சமவெளி என்றும் சொல்லவில்லையே.

ஓடைக்கரை:
கருவி மீட்டரில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? 30 கெஜம் என்பது மீட்டரில் 27. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக எம் என்று இருந்தால் அதுதான் விஷயம்.

சருகுமான்:
அப்படியென்றால் தரையிலும் தவறாகத்தானே காட்ட வேண்டும்? தரையில் நடுவில் விழுகிறது என்கிறார். கோணத் திருத்தம் இல்லாததும் காரணமாக இருக்க முடியாது. அது இல்லையென்றால் தூரம் கூடுதலாகக் காட்டும், அம்பு மேலே போகும். இவருக்குக் கீழே போகிறது. தலைப்பிலும் "குறைத்து" என்றுதான் இருக்கிறது. யாராவது தலைப்பைப் படித்தீர்களா?

மூங்கில்காடு:
ஹார்னஸ் (விழாமல் காக்கும் பட்டை) போட்டுத்தானே ஏறுகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள். மான் போனால் நாளைக்கு வரும்.

கருவியைப் பொறுத்தவரை திரையைக் கவனியுங்கள். சாதாரண எல்சிடி திரையில் எண் கறுப்பாக விழும். பகலில் பரவாயில்லை. மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த நேரத்தில் இருண்ட புதருக்கு எதிரே கறுப்பு எண் கண்ணுக்கே படாது. சிவப்பில் ஒளிரும் ஓலெட் திரை எடுங்கள், ஆனால் பிரகாசத்தைக் குறைக்க வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிவப்பே மானை மறைத்துவிடும். உருப்பெருக்கம் ஆறு மடங்குக்கு மேல் வேண்டாம், கிட்டத்து மானைக் கண்ணாடிக்குள் தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

புதுநாண்:
எல்லோருக்கும் நன்றி. காம்பவுண்ட். ஒற்றைப் பின் (குறிபார்க்கும் ஊசி), தூரத்துக்கேற்ப அதை நகர்த்தும் ஸ்லைடர் சைட். பரண் 20 அடி, தரை சமம்தான். ஹார்னஸ் உண்டு. கெஜத்தில்தான் இருக்கிறது. டேப் பிடித்து 30 கெஜத்தில் வைத்த இலக்கு மேலிருந்து 24 என்று காட்டுகிறது, ஸ்லைடரை அதில் வைத்துத்தான் எய்கிறேன். கருவி மைத்துனருடையது, மாடல் பெயர் தேய்ந்துவிட்டது. எண் வரும்போது ஓரத்தில் சின்னதாக ஒரு கொடி வரும், அது பேட்டரி குறியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வேலைக்குக் கிளம்புகிறேன், மாலையில் பார்க்கிறேன்.

சருகுமான்:
கொடியா? கோல்ஃப் குழியில் நடுவது மாதிரி?

உங்கள் மைத்துனர் கோல்ஃப் ஆடுவாரா?

கோணக்கணக்கு:
அட. கோல்ஃப் கருவியிலும் கோணத் திருத்தம் இருக்குமே. அது எப்படி 24 காட்டும்?

சருகுமான்:
இருக்கும், ஆனால் அது வேறு கணக்கு. கோல்ஃபில் இலக்கு கீழே இருந்தால் பந்து கூடுதலாகப் போகும், அதனால் எண்ணைக் குறைத்துக் காட்டும். இலக்கு மேட்டில் இருந்தால் கூட்டிக் காட்டும். எளிய முறையில் உயர வித்தியாசத்தை ஏறத்தாழ அப்படியே கழிப்பார்கள் அல்லது கூட்டுவார்கள். இவருடைய சாய்கோடு 31-ஐ ஒட்டி இருக்கும். 20 அடி என்றால் ஏழு கெஜம். கழித்தால் 24. சரியாக உட்காருகிறது பாருங்கள். வேட்டைக் கருவி அப்படிச் செய்யாது. ஏற்றமோ இறக்கமோ, கிடைமட்டத் தூரத்தைத்தான் தரும், அதாவது 30. அம்புக்கு வேண்டியது அதுதான்.

பின்னை 24-இல் வைத்து 30-இல் எய்தால், வில்லின் வேகத்தைப் பொறுத்து மூன்று நான்கு அங்குலம் தாழும். சமதரையில் உயர வித்தியாசமே இல்லை, கழிக்க ஒன்றுமில்லை, அதனால்தான் தரையில் சரியாக விழுந்தது.

புதுநாண், எய்வதற்கு முன் ஸ்லோப் (சரிவுத் திருத்தம்) என்ற வசதியை அணையுங்கள். போட்டிகளில் சரிவை அளக்க அனுமதி இல்லை என்பதால் கோல்ஃப் கருவிகளில் அதை அணைக்க வழி வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் ஒரு விசை இருக்கும், அல்லது மோட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அணைத்தால் வெறும் சாய்கோடு 31 வரும். பெரியவில் சொன்ன மாதிரி அந்த உயரத்துக்கு அது போதும்.

பெரியவில்:
நான் சொன்னதைக் கடைசியில் ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

ஓடைக்கரை:
நீங்கள் சொன்னது இடுப்பு.

பெரியவில்:
இடுப்பும் முக்கியம்தான். அதோடு, இந்தப் பெட்டியே வேண்டாம் என்பதுதான் நான் எப்போதும் சொல்வது. பரண் கட்டியதும் சுற்றி நடந்து 10, 20, 30 கெஜத்தில் ஒரு கிளையை ஒடித்து வையுங்கள், ஒரு நாடாவைக் கட்டுங்கள். மான் வந்த பிறகு கையைத் தூக்கிக் கருவியைக் கண்ணில் வைப்பவன் மானுக்குத் தகவல் அனுப்புகிறான்.

மூங்கில்காடு:
இதில் பெரியவில் ஐயா பக்கம்தான் நான். கருவி வைத்திருந்தாலும் ஏறி உட்கார்ந்த உடனேயே சுற்றியுள்ள மரங்களை அளந்து மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன விஷயம்: மரத்தின் அடியைக் குறிவைக்காமல், உங்கள் கண் உயரத்தில் இருக்கும் தண்டைக் குறிவைத்து அளங்கள். கிடைமட்டத் தூரம் நேராகவே வந்துவிடும், கோணத் திருத்தமே தேவைப்படாது.

கோணக்கணக்கு:
இந்தக் காலத்தில் வில்லிலேயே பூட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் சைட் வந்துவிட்டது, இழுத்த நிலையிலேயே அளந்து பின்னையும் காட்டிவிடும். கையைத் தூக்கும் பேச்சே இல்லை.

பெரியவில்:
அதற்கு வில் எதற்கு? துப்பாக்கியையே எடுத்துப் போகலாமே.

கோணக்கணக்கு:
நீங்கள் காம்பவுண்டில் கப்பி வைத்து இழுப்பது மட்டும் இயற்கையா? ரிலீஸ் (நாணை விடுவிக்கும் கருவி), பீப், நிலைப்படுத்தி எல்லாம் பூட்டிக்கொண்டு அடுத்தவர் சைட்டைக் குறை சொல்வது என்ன நியாயம்?

பெரியவில்:
நான் ரிக்கர்வ்.

ஓடைக்கரை:
ஆரம்பித்துவிட்டது.

சருகுமான்:
நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் வில்லில் எலெக்ட்ரானிக் கருவி பூட்டுவதற்கே தடை உண்டு. கையில் பிடிக்கும் ரேஞ்ச்ஃபைண்டரை அனுமதிக்கும் இடத்திலும் வில்லில் பூட்டியதை அனுமதிக்காமல் இருக்கலாம். அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்தந்த மாநில விதிப் புத்தகத்தைப் பார்க்கவும். இந்தச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்களேன்.

கோணக்கணக்கு:
தனி இழையில் அவர் வரமாட்டார்.

நெடுங்கிளை:
உள்ளே வரலாமா? கோல்ஃப் கருவியில் இன்னொரு சிக்கல். கொடிக்குப் பின்னால் இருக்கும் மரங்களை விட்டுவிட்டு, முதலில் படுவதைப் பிடிக்கும்படி அதை அமைத்திருப்பார்கள். பரணில் அது தலைகீழ். முன்னால் ஆடும் ஒரு இலை பட்டாலும் அதன் தூரத்தைச் சொல்லிவிடும். வேட்டைக் கருவியில் தூரத்து இலக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கும், புதருக்குள் பார்த்து அளக்க அதுதான் வேண்டும். பனியிலும் மழையிலும் எதுவாக இருந்தாலும் ஒரே எண்ணை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று முறை அளந்து பாருங்கள்.

அப்புறம் குளிரில் லித்தியம் பேட்டரியும் சோர்ந்துவிடும். உள் சட்டைப் பையில் வையுங்கள்.

மூங்கில்காடு:
புதுநாண், அணைத்துப் பார்த்தீர்களா? என்ன ஆயிற்று?

ஓடைக்கரை:
மைத்துனரிடம் திருப்பிக் கொடுத்திருப்பார்.

புதுநாண்:
மன்னிக்கவும், வேலை. ஸ்லோப்தான். அணைத்ததும் 31 வந்தது, அம்பும் நடுவில். இடுப்பு வளைத்தும் எய்து பார்த்தேன், அதுவும் நல்லதுதான். இந்த சீசனுக்கு இதையே வைத்துச் சமாளிக்கிறேன். நன்றி.

மூங்கில்காடு:
நல்லது. திரை கறுப்பு எண்ணா, சிவப்பா? கறுப்பு என்றால் வெளிச்சம் இருக்கும்போதே மரங்களை எல்லாம் அளந்து முடித்துவிடுங்கள்.

பெரியவில்:
நாடா கட்டுங்கள் தம்பி.